வேரைப் பிடுங்குவதா, விட்டுவைப்பதா?

மிளகாய் ஒரு சுற்று காய்த்து ஓய்ந்துவிட்டது. இலை சுருங்கி, பூ உதிர்ந்து, கடைசியாக வந்த நான்கு காயும் கோணலாக இருக்கின்றன. ஈப்போவில் அடுக்குமாடித் தாழ்வாரத்திலோ, தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய தாமான் வீட்டு வாசலிலோ கறுப்பு பாலிபேக்கில் செடி வளர்ப்பவர்கள் எல்லாரும் வருடத்தில் ஓரிரு முறையாவது இந்தக் கட்டத்துக்கு வருகிறார்கள். செடியைத் தண்டோடு பிடித்து இழுத்தால் மண்ணும் வேரும் ஒரே கட்டியாகக் கழன்று வரும். அதை என்ன செய்வது? மண்ணில் சத்தெல்லாம் போய்விட்டது, கொட்டிவிட்டுப் புதுமண் வாங்கு என்பார் ஒருவர். வேரை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு அதே மண்ணில் கத்தரி வை என்பார் இன்னொருவர். வேர் உரந்தானே, அப்படியே கிடக்கட்டும் என்பார் மூன்றாமவர். மூவருக்கும் அனுபவம் உண்டு. மூவர் சொல்வதும் சில நேரம் பலிக்கிறது, சில நேரம் கவிழ்க்கிறது.

முதலாமவரை முதலில் கவனிப்போம். தொட்டி மண்ணைச் செடி தின்று தீர்த்துவிடுகிறதா என்று நிறுத்துப் பார்த்தவர் பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட். உலர்த்திய மண் 200 ராத்தல், அதில் 5 ராத்தல் எடையுள்ள ஒரு வில்லோ கன்று. ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 ராத்தலுக்கு வளர்ந்திருந்தது. மண்ணைத் திரும்ப உலர்த்தி நிறுத்தபோது குறைந்திருந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான். அவர் இறந்த பிறகு, 1648இல் இது அச்சில் வந்தது. மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவுகட்டியது தவறு. காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து செடி தன் உடம்பைக் கட்டுகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் நிறுவை சொன்ன செய்தி இன்றும் செல்லும். தொட்டி மண்ணில் செடி எடுத்துக்கொள்வது எடையில் மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தில் நைட்ரஜனும் பொட்டாசியமும் இன்னும் சில தாதுக்களும் இருப்பதால் அவற்றைத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது. மண்ணையே தூக்கிப் போட வேண்டியதில்லை.

எனக்கு அந்தச் சோதனையில் ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. ஐந்து வருட மரத்தின் நூல் போன்ற வேர்களையெல்லாம் ஹெல்மான்ட் எப்படி மண்ணிலிருந்து பிரித்தெடுத்தார்? எடுத்திருக்க முடியாது என்பதற்கு 1937இல் வந்த ஒரு கணக்கு சான்று. அமெரிக்காவின் ஐயோவாவில் ஹோவர்ட் டிட்மர் என்பவர் ஒரே ஒரு ரை தானியச் செடியை ஒரு மரப்பெட்டியில் நான்கு மாதம் வளர்த்தார். பெட்டியின் வாய் ஓரடிக்கு ஓரடி, ஆழம் இரண்டடிக்கும் குறைவு. மண்ணைக் கழுவி, வேர்களைக் கூறுபோட்டு எண்ணி, அளந்து பெருக்கினார். வேர்களின் மொத்த நீளம் 620 கிலோமீட்டருக்கு மேல் வந்தது. ஈப்போவிலிருந்து சிங்கப்பூருக்கு நெடுஞ்சாலையில் போகும் தூரத்தைவிட அதிகம். வேர்த்தூவிகளையும் சேர்த்தால் பத்தாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியது.

இதற்குப் பிறகு, வேரை முழுதாகப் பொறுக்கி எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. நாம் எடுப்பது கண்ணில் படுகிற கட்டை வேரை மட்டும். மிச்சம் எப்போதும் மண்ணில்தான் இருக்கும். ஆகவே கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்க வேண்டும்: எந்த மிச்சம் அடுத்த செடிக்குச் சாப்பாடு, எந்த மிச்சம் அதற்கு எமன்?

இதற்கான விடையை ஒரு நூற்றாண்டாகத் தேடியவர்கள் தொட்டிச் செடிக்காரர்கள் இல்லை. பேராக்கின் பால்மரக் காடுகள்தாம் அந்தச் சோதனைச்சாலை. அங்கே பல லட்சம் மரங்கள், பல லட்சம் அடிக்கட்டைகள், ஒரு தலைமுறை மரத்தின் வேர்மிச்சத்தின் மேல் அடுத்த தலைமுறை.

பால்மரம் இந்தப் பக்கம் வந்ததே பெட்டிச் செடியாகத்தான். ஹென்றி விக்காம் 1876இல் அமேசான் கரையிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்த விதைகள் ஏறத்தாழ 70,000. முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் 1,919 கன்றுகளைக் கண்ணாடி மூடிய வார்டியன் பெட்டிகளில் வைத்து அதே ஆண்டு இலங்கைக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாருக்குப் போய், பேராக்கின் ரெசிடென்ட் ஹியூ லோவின் வளவில் நடப்பட்டன. அந்த ஒன்பதில் ஒன்று என்று சொல்லப்படும் கிழமரம் இன்றும் கோலகங்சாரில் வேலி கட்டி நிற்கிறது. அந்த வழியாகப் போனால் ஐந்து நிமிடம் இறங்கிப் பார்க்கலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது காட்டை வெட்டினார்கள், எரித்தார்கள், சாம்பல் ஆறுவதற்குள் நிரை பிடித்துக் கன்று நட்டார்கள். தரைக்கு மேலே இருந்ததுதான் எரிந்தது. மெராந்தியும் மற்ற காட்டு மரங்களும் விட்டுப்போன அடிக்கட்டைகளும் தொடை கனத்த வேர்களும் மண்ணுக்குள் அப்படியே கிடந்தன. இரண்டு, மூன்று வருடத்தில் அங்கங்கே இளங்கன்றுகள் வெளிறத் தொடங்கின. இலை மடிந்து பழுப்பேறியது. காலமில்லாக் காலத்தில் பூத்த கன்றுகளும் உண்டு. கையால் தள்ளினால் மரம் சாய்ந்தது. அடியில் தோண்டிப் பார்த்தால் வேரின் மேல் வெள்ளைச் சரடுகள் ஒட்டிப் படர்ந்திருந்தன. சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் ஹென்றி ரிட்லி 1904இல் இந்த நோயைப் பதிவு செய்தார். வெள்ளை வேர் நோய் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதைச் செய்யும் பூஞ்சைக்கு மட்டும் நூறு வருடத்தில் பல பெயர் மாறி, இப்போது ரிஜிடோபோரஸ் மைக்ரோபோரஸ் என்கிறார்கள். சிவப்பு வேர் நோய், பழுப்பு வேர் நோய் என்று இரண்டு பங்காளிகளும் அதற்கு உண்டு.

பூஞ்சை புதிதாக எங்கிருந்தும் வரவில்லை. காட்டிலேயே இருந்தது. பல வகை மரம் கலந்து நின்ற காட்டில் அதனால் பெரிதாக ஆட முடியவில்லை. அடிக்கட்டை என்கிற பெரிய உணவுக் கிடங்கும், அதற்குச் சில அடி தள்ளி எதிர்க்கத் தெரியாத ஒரே இனத்து இளம் வேர்களும் வரிசையாகக் கிடைத்தபோது அதற்குக் காலம் பிறந்தது.

தோட்டங்கள் முதலில் எல்லாரும் நினைப்பதைத்தான் செய்தன. நோய் கண்ட இடத்தைச் சுற்றிக் குழி வெட்டித் தனிமைப்படுத்தினார்கள். அடிக்கட்டையைத் தோண்டி எடுத்தார்கள். களை ஒன்றுகூட நிற்காமல் நிலத்தை வழித்துச் சுத்தமாக வைத்தார்கள். இதெல்லாம் சங்கோல் பிடித்த தமிழ்க் கைகளின் உழைப்பு. எழுத்தில் அது 'நோய்க் கட்டுப்பாட்டுச் செலவு' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். இத்தனைக்கும் பலன் செலவுக்கு ஏற்றதாக இல்லை. வழித்த நிலம் மழையில் கரைந்து ஓடியது. மேல்மண்ணோடு சத்தும் ஆற்றில் போனது. தோண்டியபோது அறுந்து கிடந்த வேர்த்துண்டுகள் மண்ணிலேயே இருந்தன.

1925இல் சட்டம் இயற்றி அமைத்த மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையம் இந்தப் பிரச்சினையை நிதானமாக எடுத்துக்கொண்டது. 1930களில் அங்கே நேப்பர் என்ற ஆய்வாளர், எல்லாக் கட்டையையும் தோண்ட வேண்டாம், இளமரங்களின் வேர்க்கழுத்தைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள், வெள்ளைச் சரடு தென்பட்டால் அதைப் பின்தொடர்ந்து போய் அது எந்தக் கட்டையிலிருந்து வருகிறதோ அதை மட்டும் எடுங்கள் என்று ஒரு முறை வகுத்தார். எல்லா மிச்சமும் குற்றவாளி இல்லை என்ற எண்ணம் இங்கேதான் முதலில் தலைகாட்டுகிறது.

அதற்குக் கோட்பாடு கொடுத்தவர் கேம்பிரிட்ஜின் எஸ். டி. கேரட். வேரைத் தாக்கும் பூஞ்சைகள் பற்றி அவர் 1956இல் வெளியிட்ட நூலின் மையக் கருத்து, பூஞ்சை உயிரோடு இருப்பது வேறு, தாக்கும் வலுவோடு இருப்பது வேறு என்பது. உயிருள்ள வேரின் தோலைத் துளைக்க அதற்கு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலை அது தான் புறப்பட்ட இடத்திலிருந்து இழுத்துக்கொண்டு வர வேண்டும். கட்டுச்சோறு கனமாக இருந்தால் தூரம் போகலாம். போன இடத்தில் சண்டையும் போடலாம். ஒரு பால்மர அடிக்கட்டையிலிருந்து புறப்படும் வெள்ளைச் சரடு வெறும் மண்ணைக் கடந்து அடுத்த மரத்தை எட்டிப் பிடிக்கிறது. வருடக்கணக்கில் அதற்குச் சாப்பாடு தீர்வதில்லை. அதே பூஞ்சை விரல் தடிமன் வேர்த்துண்டில் இருந்தால் சில மாதங்களில் தின்று முடித்துப் பட்டினியில் சாகும். நூல் வேரில் இருந்தால் அதற்கும் முன்பே.

கேரட்டின் கருத்தை நிலத்தில் சோதித்து, எனக்கு மிகவும் பிடித்த விடையைக் கண்டவர் அதே ஆராய்ச்சி நிலையத்தின் ஆர். ஏ. ஃபாக்ஸ். 1950களிலும் 60களிலும் கிழமரங்களை வெட்டி மறுநடவு செய்யும் வேலை மலாயா முழுக்க நடந்தது. அதற்கான நிதிச் சட்டம் 1952இல் வந்தது. இம்முறை அடிக்கட்டைகள் காட்டு மரத்தினுடையவை இல்லை, பால்மரத்தினுடையவை. பூஞ்சைக்குப் பிடித்த சாப்பாடு. நிரைகளுக்கு இடையே பியூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா போன்ற படரும் அவரையினக் கொடிகளை விட்டால் என்ன ஆகிறது என்று ஃபாக்ஸ் கவனித்தார். முதலிரண்டு வருடம் நோய் சற்றுக் கூடியது போலவே தோன்றியது. பிறகு சரிந்தது. புல்லும் மற்ற களையும் மூடிய நிலத்தைவிடக் கொடி மூடிய நிலத்தில் மரச்சாவு வெகுவாகக் குறைந்தது.

காரணம் விசித்திரமானது. கொடியின் கீழே மண் ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்ததால் பூஞ்சை உற்சாகமாக எல்லாத் திசையிலும் சரடு நீட்டியது. கொடியின் மெல்லிய வேர்களில் ஏறியது. அங்கே அதற்குக் கிடைத்த உணவு கொஞ்சம், செலவழித்தது அதிகம். இதற்கிடையே கொடி உதிர்த்த நைட்ரஜன் நிறைந்த சருகில் கொழுத்த மற்ற நுண்ணுயிர்கள் அடிக்கட்டையைச் சீக்கிரம் மக்கவைத்துக் கிடங்கையே காலி செய்தன. கட்டையைத் தோண்ட வேண்டிய தேவை பெருமளவு போயிற்று. அடுத்த செடியின் எதிரியை, உயிருள்ள வேறொரு வேரைக் கொண்டே கரைத்துவிட்டார்கள்.

கொடிகள் மண்ணுக்குக் கொடுத்த நைட்ரஜன் தனிக் கதை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இதை அளந்தவர்களில் ப. அகமுத்துவும் பிராட்டனும் முக்கியமானவர்கள். செம்பனை நிலத்தில் செய்து 1985இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, கொடிகள் ஹெக்டேருக்கு வருடம் சுமார் 150 கிலோ நைட்ரஜனைக் காற்றிலிருந்து பிடித்தன. மழையில் கரைந்து கீழே போகும் சத்தையும் தடுத்தன.

செம்பனைக்கும் இதே பாடம் வேறு வடிவில் வந்தது. கீழ்ப்பேராக்கின் பாகான் டத்தோ பக்கம் போன்ற கடலோர நிலங்களில் தென்னையை அழித்துச் செம்பனை நடுவது வழக்கமானது. தென்னையின் அடிமரத்தில் சாதுவாகக் குடியிருக்கும் கானோடெர்மா பூஞ்சை, மேலே நட்ட செம்பனையைக் கொல்லத் தொடங்கியது. 1931இல் மலாயாவில் முதலில் பதிவானபோது கிழ மரங்களின் நோய் என்றே நினைத்தார்கள். தென்னை இருந்த நிலத்தில் அது பத்துப் பன்னிரண்டு வயது மரத்தையும் பிடித்தது. பால்மரம் இருந்த நிலத்தில் தொடக்கத்தில் அவ்வளவு இல்லை. முன்பு நின்றது என்ன மரம் என்பது, மிச்சம் எவ்வளவு என்பதைப் போலவே கணக்கில் வருகிறது.

இனி பாலிபேக்குக்குத் திரும்பலாம்.

மிளகாய், கத்தரி, வெண்டை, கங்கோங், பயற்றங்காய் இவற்றின் நூல் வேர்கள் நோயில்லாதவையாக இருந்தால் பயப்பட ஏதுமில்லை. கட்டுச்சோற்றுக்கு இடமில்லாத மெல்லிய வேர்கள் அவை. ஈப்போவின் சராசரி வெப்பம் 27 பாகைக்குப் பக்கத்தில், வருடம் முழுவதும். நுண்ணுயிர்களின் வேகம் பத்துப் பாகைக்கு ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொதுக்கணக்கு. ஆண்டுச் சராசரி 10 பாகை உள்ள இங்கிலாந்தைவிட இங்கே மக்குவது மூன்று மடங்கு வேகம். ஆங்கிலத் தோட்டக்கலை நூல்கள் குளிர்காலம் முழுக்க மண்ணை ஆறப்போடச் சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. தண்டுக்கு நேர்கீழே இருக்கும் கட்டை வேரை, சுண்டுவிரல் தடிமனுக்கு மேற்பட்டதை, வெட்டி எடுத்துவிடுங்கள். மீதியைக் கையால் உடைத்து மண்ணோடு கலக்கலாம்.

ஆனால் அன்றே நடக் கூடாது. செடியை வெட்டிய பிறகும் வேர் சில நாள் உயிரோடு இருக்கிறது. பிறகு பச்சையாகவே அழுகுகிறது. பிதியம் போன்ற நாற்றழுகல் கிருமிகளுக்கு அந்தப் பச்சை மிச்சம் விருந்து. அவை பெருகி, மற்ற உயிர்களால் அடக்கப்பட்டு, பழைய அளவுக்கு வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கிறது. அவசரமாக விதை தூவினால் முளைத்தவுடன் தலைசாயும். பழைய மண்ணே ஆகாது என்று சபதம் எடுத்தவர்களில் பாதிப்பேர் இந்த இரண்டு மூன்று வாரம் காத்திராதவர்கள் என்பது என் ஊகம். காத்திருக்கும் நாட்களில் மண் ஈரமாக இருக்க வேண்டும், சொதசொதப்பாக இருக்கக் கூடாது. பையைத் திறந்துபோட்டு மழைநீர் தேங்கவிட்டால் ஏடிஸ் கொசு வரும். டிங்கி இந்த ஊரில் அழையா விருந்தாளி.

வேர் மக்கும்போது வேறொரு சங்கதியும் நடக்கிறது. வேரில் கரி அதிகம், நைட்ரஜன் குறைவு. கரியைத் தின்னும் நுண்ணுயிர்கள் தங்கள் உடம்பைக் கட்ட மண்ணிலுள்ள நைட்ரஜனைக் கடன் வாங்குகின்றன. அந்த நேரத்தில் நட்ட கன்று வெளிறி நிற்கும். மண் செத்துவிட்டது என்று அதைப் பார்த்துச் சொல்வார்கள். உண்மையில் மண் அப்போதுதான் மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கிறது. இரண்டு கை மக்கிய கோழிச்சாணம் கலந்தால் கடன் தீரும்.

வேரை விடுவதால் என்ன லாபம்? 2005இல் ரஸ், ரும்பெல், டின்யாக் ஆகிய மூவர் உலகெங்கும் செய்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வேரிலிருந்து வந்த கரி, தழையிலிருந்து வந்த கரியைவிடச் சராசரியாக 2.4 மடங்கு அதிக காலம் மண்ணில் தங்குகிறது. வேரில் லிக்னின் கூடுதல். தவிர அது ஏற்கெனவே களிமண் துகளோடு ஒட்டிய இடத்தில்தான் மக்குகிறது. களி என்பதுதான் இங்கே முக்கியம். பழைய தோட்டத்துச் செம்மண்ணில் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் நிறைய; அவை கரியைப் பிடித்து வைக்கும். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்துவிட்டுக் கொட்டிய மணல் அப்படியில்லை. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை கவிழ்ந்து சுரங்கங்கள் மூடிய பிறகு ஈப்போவைச் சுற்றி மிஞ்சியது வெள்ளை மணலும் குளங்களும்தாம். அந்த மணலில் காய்கறி போட்ட சீன விவசாயிகள் ஒவ்வொரு சுற்றுக்கும் சாணத்தைத் திரும்பத் திரும்பக் கொட்ட வேண்டியிருந்தது. தொட்டிக்கு அந்த மணலை அள்ளி வந்தவர்களும் வருடாவருடம் மண்மட்டம் இறங்குவதைப் பார்த்திருப்பார்கள். மக்கியது எல்லாம் காற்றில் போய்விட்டது. பிடித்துவைக்க அங்கே களி இல்லை. இந்த நாட்டு நாற்றங்கால்களில் மண் மூன்று, மக்கு இரண்டு, மணல் ஒன்று என்று கலப்பார்கள். பழைய மண்ணைத் திரும்பக் கலக்கும்போது குறைந்திருப்பது பெரும்பாலும் அந்த இரண்டு பங்கு மக்குதான். தேங்காய்நார்த்தூளில் சொட்டு உரம் விட்டு மிளகாய் வளர்ப்பவர்களுக்கு நிலைமை வேறு: நார்த்தூள் எளிதில் மக்காது, ஆனால் உரத்தின் உப்பு அதில் ஏறிக்கொண்டே போகும். அடுத்த கன்றுக்கு முன் நல்ல தண்ணீர் விட்டுப் பல முறை அலச வேண்டும்.

புளிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துச் செம்மண்ணின் அமிலநிலை (pH) 4க்கும் 5க்கும் இடையில். பால்மரம் அதில் சந்தோஷமாக வாழும். மிளகாய்க்கு 6 வேண்டும். 5க்குக் கீழே அலுமினியம் கரைந்து வேர்நுனியைச் சுட்டுவிடும். யூரியாவும் அம்மோனிய உரமும் போடப் போடப் பழைய மண் மேலும் புளிக்கிறது. மருந்து ஈப்போக்காரர் ஜன்னலைத் திறந்தால் தெரியும் சுண்ணாம்பு மலைதான். அரைத்த டோலமைட் தூளில் சுண்ணாம்போடு மக்னீசியமும் வருகிறது. முட்டை ஓட்டைக் கையால் நொறுக்கிப் போட்டால் அது கரைவதற்குள் இரண்டு சுற்று மிளகாய் காய்த்து முடிந்துவிடும்.

இப்போது எமன் பக்கம். பிடுங்கிய வேரை எறிவதற்கு முன் அரை நிமிடம் பாருங்கள். அதில் உருண்டைகள் இருந்தால் இரண்டில் ஒன்று. பயற்றங்காய், நிலக்கடலை வேரில் பக்கவாட்டில் ஒட்டிய சிறு மணிகள், நகத்தால் நெருடினால் உதிர்வன, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு: இவை ரைசோபியம் குடியிருக்கும் வேர்முண்டுகள். அந்தச் சிவப்பு, நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதம். விட்டுவைக்கலாம். ஆனால் இதன் பெருமையைக் கொஞ்சம் கூடுதலாகவே பேசுகிறோம் என்று நினைக்கிறேன். காய்த்து முடித்த செடியில் பிடித்த நைட்ரஜனின் பெரும்பகுதி காய்க்கும் இலைக்கும் போய்விட்டிருக்கும். காயை நாம் தின்றுவிட்டோம். தழையைக் குப்பையில் போட்டு வேரை மட்டும் மண்ணில் விட்டால் கிடைப்பது அற்பம். பால்மர நிலத்துக் கொடிகள் அள்ளிக் கொடுத்ததற்குக் காரணம், அவற்றிலிருந்து யாரும் எதையும் அறுத்துக்கொண்டு போகாததுதான். பயற்றங்கொடியின் தழையையும் நறுக்கி மேலே போடுங்கள்.

கத்தரி, வெண்டை, தக்காளி வேரில் வேரே வீங்கி முடிச்சு முடிச்சாக, பிய்த்தால் வேரோடு சேர்ந்தே பிய்வதாக இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. அந்த ஒவ்வொரு வீக்கத்திலும் நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கலாம். இந்த வேரை மண்ணில் விடக் கூடாது. மக்குக் குழியிலும் போடக் கூடாது.

இன்னும் மோசமானது பாக்டீரியா வாடல். பச்சையாக நின்ற செடி மத்தியானம் துவண்டு, இரவில் தேறி, மூன்றாம் நாள் தேறாமல் போகும். அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீரில் தொங்கவிட்டால் சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை கீழே இறங்கும். ரால்ஸ்டோனியா சொலனாசியாரம் என்னும் பாக்டீரியா கோடிக்கணக்கில் வடிவதுதான் அது. 200க்கும் மேற்பட்ட செடியினங்களைத் தாக்கும். மிளகாய், கத்தரி, தக்காளி, கடலை, இஞ்சி எல்லாம் அதில் அடக்கம். வேர்மிச்சத்திலும் ஈரமண்ணிலும் தங்கும். ஒரு பையின் அடியிலிருந்து வடியும் தண்ணீரில் பக்கத்துப் பைக்குப் போகும். மலேசியாவில் மிளகாய்க்காரர்கள் பலர் மண்ணையே விட்டு நார்த்தூள் பைக்கு மாறியதற்கு இந்த வாடலும் ஒரு காரணம்.

அப்படிப்பட்ட மண்ணைச் சுட்டுச் சுத்தம் செய்ய முடியாதா? முடியும். 1930களில் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் நிலையத்தில் லாரன்ஸ், நியூவெல் என்ற இருவர், தொட்டி நாற்றுகள் கொத்துக்கொத்தாகச் செத்ததால் மண்ணை நீராவியில் வேகவைத்துக் கலவை தயாரித்தார்கள். கலிஃபோர்னியாவின் கென்னத் பேக்கர் 1957இல் தொட்டிச் செடிகளுக்கென்றே ஒரு கையேடு தொகுத்தார். அவருடைய அட்டவணைப்படி, ஈரமண்ணில் நூற்புழு சாக 49 பாகையில் அரை மணி நேரம் போதும். நோய் செய்யும் பூஞ்சை, பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு 60 பாகைக்கு மேல் அரை மணி. அதற்கு மேல் கொதிக்கவைத்தால் நல்லதும் சேர்ந்து செத்து, காலியான மண்ணில் முதலில் வந்து விழும் கிருமி தடையில்லாமல் பரவும் என்று அவர் எச்சரித்தார். கொதிதண்ணீரை மேலே ஊற்றுகிற நம் வழக்கம் மேல் இரண்டு அங்குலத்தை அவித்துவிட்டு அடியை அப்படியே விடுகிறது.

வெயிலை நம்புவது மேல். இஸ்ரேலின் யாக்கோவ் கட்டானும் கூட்டாளிகளும் 1976இல் அறிமுகப்படுத்திய முறைப்படி, ஈரமண்ணைத் தெளிந்த பிளாஸ்டிக்கால் மூடி நாலு முதல் ஆறு வாரம் வெயிலில் விட வேண்டும். வயலைவிடப் பாலிபேக் இதற்குத் தோதானது. கொஞ்ச மண் என்பதால் எல்லாப் பக்கமும் சூடேறும். சிமெண்டுத் தரையில் ஒற்றை வரிசையாக அடுக்கி, தெளிந்த பிளாஸ்டிக் போர்த்தி, ஓரத்தில் கல் வையுங்கள். ஈப்போவின் அக்டோபர், நவம்பர் மழையில் இதைத் தொடங்குவது வீண்.

மண்ணைக் கையால் உடைக்கும்போது கையுறை போடுங்கள். 1911இல் ரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசாமியும் கண்டுபிடித்த மெலியாய்டோசிஸ் என்னும் நோயின் பாக்டீரியா இந்த வட்டாரத்து ஈரமண்ணிலேயே வாழ்கிறது. தோலிலுள்ள சிறு வெட்டு வழியாக உள்ளே போகும். நீரிழிவு உள்ளவர்களை அது கடுமையாகப் பிடிக்கும். நம் வீடுகளில் செடி வளர்க்கும் பெரியவர்களில் எத்தனை பேருக்கு இனிப்புநீர் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, வாடல் வந்த பையின் மண்ணை வெயிலில் வைக்கவும் வசதியில்லை என்றால் கால்வாயில் கொட்டாதீர்கள். கிருமி தண்ணீரோடு அடுத்தவர் நிலத்துக்குப் போகும். கட்டை வேரை எடுத்து உலர்த்தி, ஒரு பையில் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுங்கள். மண்ணை அதே பையிலேயே வைத்து அதில் செராய் நடுங்கள், அல்லது சோளம். புல்லினங்களை இந்த வாடல் பொதுவாகத் தொடுவதில்லை. இஞ்சி, வாழை வேண்டாம். செராயின் வேர் ஒரு வருடத்தில் அந்தப் பையை நிறைத்துவிடும். மிளகாயின் மிச்சம் அதற்குள் மக்கிப்போகும். அதன் பிறகும் அதில் மிளகாயோ கத்தரியோ வைப்பதற்கு முன் ஓரிரண்டு தக்காளி நாற்றை நட்டு ஒரு மாதம் பாருங்கள். அவை வாடினால் செராயே தொடரட்டும்.